வெங்காயத் தோலில் பசுங்கணிகத்தைக் காணோம்: தாவர செல், விலங்கு செல் குழப்பங்கள்

மதுரை_மலர்:

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார்கள். நீள நீளமான கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு புள்ளி, அவ்வளவுதான் தெரிந்ததாம். பச்சையாக எதுவுமே இல்லை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் பசுங்கணிகத்தையும் வரைந்து பச்சைப் பென்சில் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். "இல்லாததை எதுக்கும்மா வரையணும்?" என்று கேட்கிறாள்.

நான் படித்தது வணிகவியல். புத்தகத்தைப் புரட்டினால் ஒரு அட்டவணை: தாவர செல்லில் செல் சுவர் உண்டு, பசுங்கணிகம் உண்டு, பெரிய நுண்குமிழ் உண்டு, விலங்கு செல்லில் இவை இல்லை, சென்ட்ரியோல் உண்டு, லைசோசோம் உண்டு. அப்படியென்றால் பசுங்கணிகம் இல்லாத வெங்காயம் தாவர செல் இல்லையா? இன்னொன்று, மைட்டோகாண்ட்ரியா விலங்குக்கு மட்டும்தானே என்று அவள் தோழி அடித்துச் சொல்கிறாளாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்_தேடி:

மலர் அக்கா, உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வரைவதுதான் ஆய்வக நோட்டின் வேலை. கல்லூரியில் தாவரவியல் செய்முறை எடுப்பவன் நான். எங்களிடம் வரும் பிள்ளைகளும் முதல் வாரம் இதையேதான் செய்கிறார்கள், லென்ஸைப் பார்க்காமல் புத்தகப் படத்தை வரைகிறார்கள்.

வெங்காயத்தில் நாம் உரித்துத் தின்பது இலையின் அடிப்பகுதி. மண்ணுக்குள் வெளிச்சம் படாமல் உணவைச் சேமித்து வைக்கும் இடம். ஒளியே விழாத இடத்தில் ஒளிச்சேர்க்கைக்கான உறுப்பு எதற்கு? அதே செடியின் வெங்காயத் தாளை எடுத்துப் பாருங்கள், உள்ளே பச்சைப் பசேல் என்று பசுங்கணிகங்கள் இருக்கும். ஒரே செடி, ஒரே மரபுப் பொருள், இடத்துக்கு ஏற்ற ஏற்பாடு.

பசுங்கணிகம் தனி ஆள் இல்லை. கணிகம் என்ற ஒரு குடும்பத்தில் ஒரு வகை. நிறமில்லாமல் ஸ்டார்ச்சைச் சேமிப்பது வெளிர்கணிகம். உருளைக்கிழங்கும் அரிசியும் நமக்குத் தருவது அந்த ஸ்டார்ச்சைத்தான். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறமிகளை வைத்திருப்பது வண்ணக்கணிகம். பச்சை மிளகாய் பழுத்துச் சிவக்கும்போதும் தக்காளி பழுக்கும்போதும் பசுங்கணிகமே வண்ணக்கணிகமாக உருமாறுகிறது. உருளைக்கிழங்கை வெயில்படும் ஜன்னலோரம் போட்டு வைத்தால் தோல் பச்சையாவது இதற்கு நேர்மாறு, வெளிர்கணிகம் பசுங்கணிகமாகிறது. (அந்தப் பச்சைப் பகுதியைச் சமைக்காதீர்கள். பச்சையம் ஒன்றும் செய்யாது, ஆனால் கூடவே சோலனின் என்ற நச்சும் கூடியிருக்கும்.)

ஆக, வெங்காயத் தோலில் அவள் வரைய வேண்டியது செல் சுவர், உட்கரு, ஓரத்தில் மெல்லிய சைட்டோபிளாசம் (உட்கருவைச் சுற்றியிருக்கும் கூழ்), நடுவில் பெரிய காலியிடம் மாதிரித் தெரியும் நுண்குமிழ். நிறுத்திக்கொள்ளலாம்.

ட்யூஷன்_சார்:

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் தேர்வுத்தாளில் "வேறுபடுத்துக" என்று கேட்டால் வெங்காயத் தாள் கதையை எழுத முடியாது. விடைக்குறிப்பில் இருப்பது அந்த அட்டவணைதான். ஐந்து வேறுபாடு, ஐந்து மதிப்பெண். நான் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன், எல்லோருக்கும் விதிவிலக்கு சொன்னால் விதியே மறந்துபோகும். முதலில் அட்டவணை, அப்புறம் மற்றது.

இரத்தத்துளி:

சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அட்டவணையை அப்படியே பிடித்துக்கொண்டால் நான் தினமும் ஸ்லைடில் பார்ப்பது விலங்கு செல்லே இல்லை என்று ஆகிவிடும். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கரு உண்டு, வெளியே வருவதற்குள் அதைத் தள்ளிவிடுகிறது. முழுக்க ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு சுமார் 120 நாள் ஓடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. ஆக்சிஜனைச் சுமக்கிற அந்த அணு, சுமப்பதில் ஒரு துளிகூடத் தனக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாதான் அதற்குள் இல்லையே. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைத்துக்கொள்கிறது.

கோழி ரத்தத்தைப் பாருங்கள், சிவப்பணுவுக்கு நடுவில் உட்கரு கச்சிதமாக இருக்கும். மீன், தவளை எல்லாம் அப்படித்தான். பாலூட்டிகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு.

வேர்_தேடி:

தாவரத்திலும் இதற்கு ஜோடி உண்டு. இலையில் தயாராகும் சர்க்கரையைக் கீழே கொண்டுபோகும் சல்லடைக்குழாய் செல் முதிர்ந்த பிறகு உட்கரு இல்லாமல்தான் உயிரோடு இருக்கிறது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைசெல் அதற்கும் சேர்த்து வேலை செய்கிறது. நீரை மேலே ஏற்றும் சைலக் குழாயோ செத்தே போய், உள்ளே எதுவும் இல்லாமல் வெறும் சுவராக நின்றால்தான் வேலை நடக்கும். போக்குவரத்து வேலைக்கு வந்த செல்கள் இரண்டு பக்கமும் உள்ளே இருப்பதைக் காலி செய்துவிடுகின்றன.

யாழ்_வாணி:

மலர், மைட்டோகாண்ட்ரியா பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் இங்கே இலங்கையில் அதை இழைமணி என்று படிப்பிக்கிறோம். உயர்தர வகுப்பிலும் இந்தக் குழப்பம் விட்டபாடில்லை. "தாவரம் ஒளித்தொகுப்புச் செய்யும், விலங்கு சுவாசிக்கும்" என்று சின்ன வகுப்பில் யாரோ சொல்லிவிடுகிறார்கள், அது மனதில் பதிந்துவிடுகிறது.

தாவரக் கலத்திலும் (நீங்கள் செல் என்பது) இழைமணி இருக்கிறது. இரவும் பகலும் சுவாசிக்கிறது. இலை தயாரிப்பது சீனி. சீனியை வைத்துக்கொண்டு நேரடியாக ஒரு வேலையும் செய்ய முடியாது, அதை உடைத்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் பொருளாக ஆக்கினால்தான் கலம் செலவழிக்கலாம். அந்த உடைப்பு நடப்பது இழைமணியில். மண்ணுக்குள் கிடக்கும் வேர் நுனிக்கு வெளிச்சமும் இல்லை, பச்சையமும் இல்லை. மேலே இருந்து வரும் சீனியும் தன் இழைமணியும்தான் அதற்குக் கதி. வயலில் நாட்கணக்காக வெள்ளம் நின்றால் பயிர் வாடுவதும் இதனால்தான். வேருக்கு ஒட்சிசன் போவதில்லை.

பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: முளைக்கும் பயறு இருட்டில் எப்படி வளர்கிறது? விடை தானாக வரும்.

பஞ்சு_மில்:

நான் சயின்ஸ் படித்தவன் இல்லை, ஸ்பின்னிங் மில்லில் தரக்கட்டுப்பாடு. ஆனால் ஒன்று சொல்கிறேன். பஞ்சு வாங்கும்போது "30 மி.மீ. ஸ்டேபிள்" என்று பேசுவோம். அந்த ஒரு இழை ஒரே ஒரு செல். பருத்தி விதையின் மேல்தோல் செல் ஒன்று மூன்று சென்டிமீட்டர் வரை நீண்டு, சுவரைத் தடித்துக்கொண்டே போய், கடைசியில் உள்ளே எல்லாம் காய்ந்து செத்துவிடும். மிச்சம் இருப்பது சுவர் மட்டும், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் செல்லுலோஸ். சுவர் சரியாகத் தடிக்காமல் காய் வெடித்தால் அதை முதிராத பஞ்சு என்று கழிப்போம், சாயம் பிடிக்காது.

நுண்ணோக்கி இல்லாமல் செல் சுவரைப் பார்க்க வேண்டுமா, சட்டையைப் பாருங்கள்.

வேர்_தேடி:

அருமை! 1665-இல் ராபர்ட் ஹூக் பார்த்ததும் இதுதான். தக்கையைச் சீவி லென்ஸில் வைத்தார், தெரிந்தவை வெறும் சுவர்கள். "செல்" என்ற பெயரையே அந்தக் காலி அறைகளுக்குத்தான் வைத்தார். உள்ளே உட்கரு என்று ஒன்று பொதுவாக இருக்கிறது என்பதை ராபர்ட் பிரவுன் 1831-இல் ஆர்க்கிட் செடிகளின் மேல்தோலை ஆராய்ந்து சொன்னார். இடையில் ஓடிப்போனது 166 ஆண்டு.

மதுரை_மலர்:

எல்லோருக்கும் நன்றி, மகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறேன். அவள் அடுத்த கேள்வி: தாவரத்துக்குத்தான் அவ்வளவு கெட்டியான சுவர் இருக்கிறதே, அதற்குள் சவ்வு வேறு எதற்கு? இரண்டும் காவல் வேலைதானே?

இரத்தத்துளி:

இரண்டும் வேறு வேலை. சுவர் ஓட்டை நிறைந்தது. தண்ணீர், உப்பு, சர்க்கரை எது வந்தாலும் தடுக்காது. எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று தேர்ந்தெடுப்பது சவ்வுதான். அது கொழுப்பால் ஆன இரட்டை அடுக்கு, அதில் அங்கங்கே புரதங்கள் பதிந்திருக்கும். தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர். பள்ளி நுண்ணோக்கியில் சவ்வு தனியாகத் தெரியவே தெரியாது.

சுவர் இல்லாததால் எங்கள் துறையில் என்ன கஷ்டம் என்று சொல்கிறேன். சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து உப்பி வெடித்துவிடும். அதனால்தான் நரம்பில் ஏற்றும் சலைனில் 0.9 சதவீதம் உப்பு இருக்கிறது. அதே வெறும் தண்ணீரில் வெங்காயத் தோலை ஒரு நாள் முழுக்கப் போடுங்கள், ஒன்றும் ஆகாது. விறைப்பாகும், அவ்வளவுதான்.

வேர்_தேடி:

சைக்கிள் டயரையும் டியூபையும் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டயர் இல்லாமல் டியூபில் காற்றடித்துக்கொண்டே போனால் வெடிக்கும். டயர் இருந்தால் அந்த அழுத்தமே வண்டியைத் தாங்கும். தாவர செல்லில் நுண்குமிழ் நீரை இழுத்து உப்பி, சவ்வைச் சுவரோடு அழுத்துகிறது. எலும்பு இல்லாத கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான். நீர் குறைந்தால் கீரை துவண்டுவிடும், தண்ணீர் தெளித்தால் எழுந்துகொள்ளும்.

முதிர்ந்த தாவர செல்லில் நுண்குமிழ் 90 சதவீத இடத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளும். உட்கருவும் சைட்டோபிளாசமும் ஓரத்துக்குத் தள்ளப்படுவது இதனால்தான். உங்கள் மகள் "ஓரமாக ஒரு புள்ளி" என்று பார்த்தாளே, அதற்கும் காரணம் இதுவே. கன்னத்தின் உட்பக்கத்திலிருந்து எடுத்த செல்லில் உட்கரு ஏறக்குறைய நடுவில் இருக்கும்.

மாங்காய் ஊறுகாய் போடும்போது உப்பைப் பிசறி வைத்தால் தண்ணீர் விடுமே, அது நுண்குமிழிலிருந்து வெளியேறும் நீர். சவ்வு சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். சுவர் அப்படியே நிற்கும்.

அடுப்படி_சரசு:

ஊறுகாய் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். ரொம்ப நாளாக எனக்கு இரண்டு சந்தேகம். பீட்ரூட் வேகவைத்தால் தண்ணீரெல்லாம் ரத்தமாகிறது, கேரட் வேகவைத்தால் தண்ணீர் நிறம் மாறுவதே இல்லை. ஏன்? அப்புறம், புளியை முதலிலேயே ஊற்றிவிட்டால் காய் வேகாது என்று மாமியார் சொல்வார். அதற்கும் செல்லுக்கும் சம்பந்தம் உண்டா?

வேர்_தேடி:

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. உங்களுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும்!

பீட்ரூட்டின் நிறமி நீரில் கரையும் வகை, நுண்குமிழுக்குள் இருக்கிறது. சூட்டில் நுண்குமிழின் சவ்வும் செல் சவ்வும் சிதைந்ததும் நிறம் வெளியே ஓடிவரும். வெட்டாத பச்சை பீட்ரூட்டைத் தண்ணீரில் போட்டால் அவ்வளவாகச் சாயம் போகாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். சவ்வு முழுதாக இருக்கிறது, விடாது. கேரட்டின் நிறமி வண்ணக்கணிகத்துக்குள் இருக்கும் கரோட்டின், அது கொழுப்பில்தான் கரையும். சவ்வு போனாலும் தண்ணீருக்கு வராது. கேரட் அல்வாவில் நெய் ஆரஞ்சு நிறமாவதைப் பாருங்கள். தாளிப்பில் மிளகாய் வற்றலின் சிவப்பு எண்ணெயில் இறங்குவதும் இதே கதை. செம்பருத்தி, சங்குப்பூ, கத்தரிக்காய்த் தோலின் ஊதா எல்லாம் பீட்ரூட் கட்சி, நுண்குமிழ் நிறங்கள்.

புளி விஷயம் செல் சுவர் சம்பந்தப்பட்டது. பக்கத்துப் பக்கத்து செல்களை ஒட்ட வைத்திருப்பது பெக்டின் என்ற பசை, அதில் கால்சியமும் சேர்ந்திருக்கும். காய் வேகும்போது இந்தப் பசை கரைந்து செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அதைத்தான் "குழைந்தது" என்கிறோம். புளிப்பு இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது, காய் விறைப்பாகவே நிற்கும். மாமியார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உப்புத்தண்ணீர்ப் பகுதிகளில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதோடு சேர்ந்ததே, தண்ணீரிலுள்ள கால்சியம் பசையை இறுக்கிவிடுகிறது. ஆக்ராவில் பேட்டா மிட்டாய்க்குப் பூசணித் துண்டைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதும் இந்த இறுக்கத்துக்காகத்தான்.

வெங்காயம் நறுக்கினால் கண் எரிவதும் செல் பாகங்களின் சண்டைதான். ஒரு நொதி நுண்குமிழில் இருக்கிறது, கந்தகச் சேர்மம் சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. கத்தி இரண்டையும் கலந்துவிடுகிறது. முழு வெங்காயம் யாரையும் அழ வைக்காது. கத்தரிக்காய் வெட்டியதும் கறுப்பதும் இப்படித்தான், அங்கே நொதி கணிகத்தில், அது பிடிக்கும் பொருள் நுண்குமிழில். தண்ணீரில் போட்டு வைப்பது காற்று படாமல் தடுக்க.

ட்யூஷன்_சார்:

சமையல் குறிப்பு எல்லாம் சரி, லைசோசோமுக்கு வாருங்கள். மலர் மேடம் முதல் பதிவிலேயே கேட்டார். புத்தகத்தில் "தாவர செல்லில் இல்லை" என்று தெளிவாக இருக்கிறது. "செல்லின் தற்கொலைப் பைகள்" என்று ஒரு மதிப்பெண் கேள்வியும் வரும். இதிலும் விதிவிலக்கு உண்டா?

இரத்தத்துளி:

இந்தத் தற்கொலை என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. லைசோசோமின் அன்றாட வேலை குப்பை பிரித்து மறுபடி பயன்படுத்துவது. பழசான மைட்டோகாண்ட்ரியா, விழுங்கிய பாக்டீரியா எல்லாம் அங்கேதான் உடைபடும். அதில் ஒரே ஒரு நொதி குறைந்தாலும் என்ன ஆகும் என்பதற்குக் கோஷே (Gaucher) நோய், பாம்பே (Pompe) நோய் என்று பட்டியல் இருக்கிறது. பாம்பே நோயில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை உடைக்க முடியாமல் அது தசை செல்லுக்குள் தேங்கிக்கொண்டே போகும், கைக்குழந்தைக்கு இதயம் வீங்கிவிடும். லைசோசோம் இல்லாமல்தான் செல் சாகிறது.

அதைக் கண்டுபிடித்த விதமும் சுவையானது. கிறிஸ்டியன் டி டூவ் எலியின் கல்லீரல் செல்களை அரைத்து ஒரு நொதியை அளந்துகொண்டிருந்தார். புதிதாக அரைத்ததில் நொதி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. அதே சாம்பிளைச் சில நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அளந்தால் கூடிவிட்டது. நொதி ஏதோ பைக்குள் அடைபட்டிருக்கிறது, வைத்திருந்ததில் பை கிழிந்திருக்கிறது என்று யோசித்தார். 1955-இல் லைசோசோம் என்று பெயர். 1974-இல் நோபல் பரிசு, ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாட் இருவரோடும் சேர்த்து. கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கணக்கில் கண்டுபிடித்த உறுப்பு அது.

வேர்_தேடி:

தாவரத்தில் அதே வகை நொதிகள் நுண்குமிழுக்குள் இருக்கின்றன. உள்ளே அமிலத்தன்மை, உள்ளே உடைக்கும் நொதிகள், வேலையும் அதே. தனிச் சிறு பையாக இல்லை என்று சொல்லலாம். அந்த வேலை தாவரத்தில் நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. தாவர நுண்குமிழையே லைசோசோம் வகையில் சேர்த்து எழுதும் பாடநூல்களும் உண்டு.

சென்ட்ரியோலுக்கும் இதே பாடுதான். செல் பிரியும்போதும், நீந்த உதவும் கசையிழை உருவாகும்போதும் பயன்படும் சிறு உறுப்பு அது. பூக்கும் தாவரங்களில் இல்லை, சரி. ஆனால் பாசி வகைகள், பெரணி, பனை போலத் தெரியும் சைகஸ் செடி இவற்றின் நீந்தும் ஆண் அணுக்களில் உருவாகின்றன. சைகஸின் நீந்தும் விந்தணுவை 1896-இல் ஜப்பானில் இகேனோ கண்டுபிடித்தார். ஆயிரக்கணக்கில் கசையிழைகள், உருவமும் உற்றுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும் அளவு. நீந்த வேண்டிய செல்லுக்குச் சென்ட்ரியோல் வேண்டும், மகரந்தக் குழாய் வழியாகப் போகிற செல்லுக்கு வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

ட்யூஷன்_சார்:

விடைத்தாளில் நான் "இல்லை" என்றுதான் எழுதச் சொல்வேன். ஒன்று வேண்டுமானால் செய்யலாம். அட்டவணைக்கு மேலே "பொதுவாக" என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்கிறேன். மதிப்பெண் குறையாது, நீங்களும் சண்டைக்கு வர மாட்டீர்கள்.

வேர்_தேடி:

"பொதுவாக" போதும் சார். கையெழுத்துப் போட்டுவிடலாம்.

பொள்ளாச்சி_தென்னை:

சுவர், சவ்வு என்று பேசுகிறீர்கள், இளநீரை விட்டுவிட்டீர்களே. வேளாண் கல்லூரியில் படித்தபோது கேட்டு அசந்துபோன விஷயம். இளநீர் என்பது கரு வளர்வதற்கான உணவுத் திசு, ஆனால் செல்லாகப் பிரியாத நிலை. உட்கரு மட்டும் மறுபடி மறுபடி பிரிந்து ஆயிரக்கணக்கில் அந்தத் தண்ணீரில் மிதக்கிறது, இடையில் சுவர் எழும்பவில்லை. பிறகு ஓரத்திலிருந்து சுவர் எழும்பத் தொடங்குகிறது. அந்த முதல் படிவுதான் வழுக்கை, அது கெட்டியானால் தேங்காய்ப் பருப்பு. வண்டியில் வெட்டித் தரும் இளநீரில் வழுக்கை இருந்தால் "செல் கட்டிட்டான்" என்று நாங்கள் விடுதியில் சொல்லிச் சிரிப்போம்.

மதுரை_மலர்:

இது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் நோட்டில் இன்னும் மூன்று பெயர் பாக்கி: ரிபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை. இவை இரண்டு செல்லிலும் உண்டு என்று போட்டிருக்கிறது. என்ன வேலை என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

யாழ்_வாணி:

ஒரே பொருளின் பயணமாகச் சொன்னால் விளங்கும். இன்சுலினை எடுங்கள். அதைச் செய்யும் குறிப்பு கருவுக்குள் டி.என்.ஏ.யில் இருக்கிறது. அதன் படி வெளியே வரும். இறைபோசோம் அதை வாசித்து அமினோ அமிலங்களைக் கோக்கும். வலையின் மேல் ஒட்டியிருக்கும் இறைபோசோம் என்றால் கோத்த சங்கிலி நேரே வலைக்குள் போய் மடியும். அங்கிருந்து சிறு பையில் கொல்கிக்குப் போய், வகை பிரிந்து, வேறு பையில் ஏறிக் கலமென்சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டும். சதையியில் (கணையத்தில்) இந்த வலை அடர்த்தியாக இருப்பது அதனால்தான். இறைபோசோம் ஒட்டாத வழுவழுப்பான வலையும் உண்டு, கொழுப்புச் செய்வது, ஈரலில் மருந்து, நஞ்சு ஆகியவற்றை மாற்றுவது அதன் பாடு.

தாவரத்திலும் பாதை இதுவே, போய்ச் சேரும் இடம்தான் வேறு. பெக்டின் போன்ற சுவர்ப் பொருட்கள் கொல்கியில் தயாராகிச் சுவருக்குப் போகின்றன. கலம் இரண்டாகப் பிரியும்போது நடுவில் கொல்கிப் பைகள் வரிசையாக வந்து சேர்ந்து புதுச் சுவரைத் தொடங்கிவைக்கும். சுவரில்லாத விலங்குக் கலம் இடுப்பில் சுருங்கிப் பிரிந்துவிடும்.

வேர்_தேடி:

ஒன்று சேர்க்கிறேன். பருப்பு வகைகளில் அந்தப் பயணம் முடிவது நுண்குமிழில். சேமிப்புப் புரதமெல்லாம் அங்கேதான் அடைத்து வைக்கப்படுகிறது. சாதமும் சாம்பாரும் சாப்பிட்டால் கணிகத்து ஸ்டார்ச்சும் நுண்குமிழ்ப் புரதமும் சாப்பிடுகிறோம்.

இரத்தத்துளி:

பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா இரண்டும் ஒரு காலத்தில் தனி பாக்டீரியாக்களாக இருந்து உள்ளே குடியேறியவை என்பதை யாரும் சொல்லவில்லையே. இரண்டுக்கும் சொந்த டி.என்.ஏ. உண்டு, பாக்டீரியா வகை ரிபோசோம் உண்டு, தானே பிரிந்து பெருகும். நம் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 37 மரபணுக்கள்தான் மிச்சம். லின் மார்குலிஸ் 1967-இல் இதைக் கட்டுரையாக எழுதியபோது பல இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் அச்சானது.

மலேரியா ஒட்டுண்ணிக்குள்ளும் பச்சையம் இழந்த ஒரு பழைய கணிகம் இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் மருந்து மலேரியாவில் வேலை செய்வது அந்தக் கணிகத்தின் ரிபோசோமைத் தாக்கித்தான். வட அமெரிக்கக் கடற்கரையில் எலிசியா குளோரோட்டிகா என்று ஒரு கடல் நத்தை. பாசியைத் தின்று அதன் பசுங்கணிகங்களைத் தன் குடல் செல்லிலேயே மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். சார், "பொதுவாக" என்பதை அடிக்கோடிட்டுவிடுங்கள்.

ட்யூஷன்_சார்:

கடல் நத்தை எல்லாம் சிலபஸில் இல்லை ஐயா.

மதுரை_மலர்:

பள்ளியில் ரெக்கார்டு நோட்டைத் திருத்தி வரைய அனுமதி கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவளே வேறு ஸ்லைடு கொண்டுவரலாமாம். வெங்காயம் தவிர எதைப் பார்க்கலாம்? மைட்டோகாண்ட்ரியா தெரியுமா?

வேர்_தேடி:

மைட்டோகாண்ட்ரியா, ரிபோசோம், வலை எதையும் தேட வேண்டாம். சாதாரண நுண்ணோக்கியால் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. மைட்டோகாண்ட்ரியா அகலம் அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர், தனிச் சாயம் இல்லாமல் பிடிபடாது. ரிபோசோமுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

மீன் தொட்டிக் கடையில் ஹைட்ரில்லா கிடைக்கும். ஒரு இளம் இலையை அப்படியே தண்ணீரில் வைத்துப் பார்க்கட்டும், சாயம் வேண்டாம். பச்சை மணிகள் தெளிவாகத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அவை செல்லின் ஓரமாக வரிசை கட்டி நகர்வதும் தெரியும். நகர்வது சைட்டோபிளாசம், மணிகள் அதில் போகின்றன. ஸ்லைடில் இதைப் பார்த்த பிள்ளைகள் செல்லைப் பெட்டி என்று நினைப்பதை விட்டுவிடுவார்கள்.

கன்ன செல்லுக்குப் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய பக்கத்தால் உள்கன்னத்தை மெல்ல வருடி, ஸ்லைடில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு. சுவர் இல்லாததால் ஓரம் மடிந்தும் சுருங்கியும் இருக்கும், அதையும் அப்படியே வரையட்டும். வெங்காயத்துக்கு சஃப்ரனின்.

அப்புறம் ரியோ. பூங்காக்களில் ஓரச்செடியாக வைப்பார்களே, மேலே பச்சை, அடியில் ஊதாவாக இருக்கும் இலை. அடிப்பக்கத் தோலைக் கிழித்தால் ஊதா நிற நுண்குமிழ்கள் நேரடியாகத் தெரியும். கண்ணாடித்தகட்டின் ஓரத்தில் கெட்டியான உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் உறிஞ்ச வேண்டும். சில நிமிடத்தில் ஊதா சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். சுவர் எது, சவ்வு எது என்று அவள் கேட்டாளே, இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

மதுரை_மலர்:

ரியோ பக்கத்துத் தெருப் பூங்காவிலேயே இருக்கிறது. உப்புக்குப் பதில் சர்க்கரை போடலாமா? கிழித்த தோல் எவ்வளவு நேரம் தாங்கும்?

வேர்_தேடி:

சர்க்கரையும் சரிதான், பாகு மாதிரிக் கெட்டியாகக் கரைக்க வேண்டும். தோலைக் கிழித்ததும் தண்ணீரில் போட்டு வைத்தால் வகுப்பு முடியும்வரை தாங்கும், காயவிடக் கூடாது. சுருங்கியதை உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றினால் மறுபடி உப்பும். ரொம்ப நேரம் உப்பில் கிடந்தால் உப்பாது.

இன்னொரு இலையைக் கொதிக்கும் நீரில் முக்கி எடுத்து அதிலும் இதே உப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன நடக்கும் என்று முதலில் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு லென்ஸைப் பார்க்கட்டும். பீட்ரூட் பதிவைப் படித்தவளுக்கு விடை தெரியும். எழுதியதை இங்கே போடுங்கள்.